செருமாதீர்கள், விழுங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் 31 ஆண்டுகள் தமிழாசிரியர். தொண்டையை வைத்துப் பிழைத்தவன். தொண்டை வறட்சிக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். என்ன செய்யக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செருமக் கூடாது.

ஒருமுறை ஒரு பையனின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்த கட்டுகள். எட்டுக் கட்டும் மூன்று கோடும். "இது என்னப்பா?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்துப் பையன்தான் சொன்னான்: "ஐயா, நேற்றுப் பாடவேளையில் நீங்கள் செருமியது."

45 நிமிடத்தில் 43 முறை! கேள்விச் செல்வத்தைப் பற்றிப் பாடம் நடத்திய நாள் அது. பையன் செவிகொடுத்துத்தான் கேட்டிருக்கிறான், குறை சொல்ல முடியாது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். செருமும்போது குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று அறைந்துகொள்கின்றன. அறைபட்ட இடம் எரியும், அங்கே சளி சேரும். அதை விலக்க மறுபடியும் செருமுவோம். 43 அப்படித்தான் வந்தது. அவர் சொன்ன வைத்தியம் ஒரு மிடறு தண்ணீர். அது இல்லையென்றால் எச்சிலையாவது விழுங்குங்கள் என்றார். இந்த உரையிலேயே இரண்டு முறை செருமல் வந்தது, விழுங்கிவிட்டேன்.

இன்னொன்று. குடிக்கிற தண்ணீர் குரல்நாணில் படுவதே இல்லை, பட்டால் புரையேறிவிடும். அது உடம்பில் ஊறித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆகவே மேடையேறும் முன் ஒரு செம்பைக் கவிழ்த்துக்கொள்வதில் பயனில்லை. காலையிலிருந்தே மிடறு மிடறாகக் குடியுங்கள்.

விடியற்காலையில் தொண்டை காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதா? மூக்கடைப்போடு வாயைத் திறந்து, மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருப்பீர்கள். காற்றை ஈரமாக்கி உள்ளே அனுப்புவது மூக்கின் வேலை. வாய்க்கு அது அவ்வளவாக வராது. கட்டிலைச் சற்று நகர்த்திப் போடுங்கள். சளிக்கும் ஒவ்வாமைக்கும் போடுகிற சில மாத்திரைகளும் வாயை உலர்த்தும்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் மிச்சம். அதிமதுரத்தைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சிறு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் எச்சில் ஊறும், தொண்டை நனையும். ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வேண்டாம். அது அழுத்தத்தைக் கூட்டும். மற்றவர்களும் நாள்தோறும் மெல்ல வேண்டாம். கரகரப்பும் வலியும் இருந்தால் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். தேன் நல்லதுதான், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கூடாது. பனங்கற்கண்டு... அதற்கு நேரமில்லை. எவ்வளவு குடித்தும் தாகம் அடங்காவிட்டால் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியே இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். வணக்கம்.