அந்த மேலாடை யாருடையது?

[திரையில்: மையெழுத்து மங்கிய, உடைந்த பானை ஓட்டுத் துண்டு]

இந்த ஓட்டில் இருப்பது ஒரு புகார் மனு. எழுதப்பட்டது கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில். கிடைத்தது 1960இல், இன்றைய இஸ்ரேலில், மத்தியதரைக் கடலோரமாக யாவ்னேக்கு அருகில் உள்ள மெசாத் ஹஷவ்யாகு என்ற பழங்கோட்டையில். மனு கொடுத்தவர் ஓர் அறுவடைத் தொழிலாளி. எனக்கு விதித்த வேலையை முடித்துவிட்டேன். அப்படியும் என் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எல்லாரும் சாட்சி சொல்வார்கள். அதிகாரியே, அதை வாங்கித் தாரும் என்று கேட்கிறார்.

ஒரு துணிக்கு இத்தனை மன்றாட்டா? பகலில் உடுத்த, இரவில் போர்த்த, அவரைப் போன்ற ஏழைகளிடம் பெரும்பாலும் இருந்தது அது ஒன்றுதான்.

இந்தத் துணி வேதாகமத்திலும் வருகிறது. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால், பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறது அதன் சட்ட நூல்களில் ஒன்றான யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரம். சொன்ன கையோடு, வேறு எதைப் போர்த்திக்கொண்டு அவன் படுப்பான் என்று கேட்கவும் செய்கிறது. சட்டம் கட்டளையிடும், இப்படி மனம் பொறுக்காமல் கேள்வி கேட்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

தினமும் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அது என்ன அடகு என்று கடன் கொடுத்தவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். இன்னொரு சட்ட நூலான உபாகமத்தின் 24ஆம் அதிகாரம் அவருக்கு இன்னொரு கட்டும் போடுகிறது: அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு.

அதே இடத்தில் ஒரு சொல் வருகிறது. போர்வையைத் திருப்பிக் கொடுப்பது கர்த்தருடைய சந்நிதியில் உனக்கு ‘நீதியாயிருக்கும்’. மூலத்தில் ‘செதாக்கா’ என்ற எபிரெயச் சொல். தருமம், இரக்கம், பெரிய மனது என்று எதுவும் இல்லை, நீதி. பிற்கால யூதர்கள் ஏழைக்குக் கொடுக்கும் உதவிக்கும் இதே சொல்லைத்தான் வைத்துக்கொண்டார்கள். கொடுத்தவன் வள்ளல் ஆகிவிடவில்லை. கணக்கு நேரானது, அவ்வளவுதான்.

[திரையில்: பலிபீடம். அதன் அருகே விரித்துக் கிடக்கும் ஒரு மேலாடை]

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி கொதித்துப்போனதும் இதே துணியைப் பார்த்துத்தான். அடகு வாங்கிய ஆடைகளை விரித்து, அவற்றின்மேல் எல்லாப் பீடங்களின் அருகிலும் படுத்துக்கொள்கிறார்கள் என்கிறார். அந்தக் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். பலி உண்டு, பாட்டு உண்டு, பண்டிகை உண்டு. ஆராதனைக்கு வந்தவனின் முதுகுக்குக் கீழே இன்னொருவனின் போர்வை. அந்தப் பாட்டுகளின் இரைச்சலை அகற்றுங்கள், நியாயம் தண்ணீரைப்போல் புரண்டுவரட்டும் என்று ஐந்தாம் அதிகாரத்தில் வெடிப்பது இந்தக் கோபம்தான்.

அப்படியானால் இரக்கத்துக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். வேதாகமத்தில் வரும் ரூத்தைப் பாருங்கள். மோவாப் என்ற அயல் நாட்டுப் பெண், விதவை, பிழைக்க வந்தவள். அறுத்தவர்கள் சிந்திய கதிர்களைப் பொறுக்க ஏழைக்கும் அயல் நாட்டிலிருந்து வந்தவருக்கும் உரிமை உண்டு, அது நீதி. வயலின் சொந்தக்காரரான போவாஸ் அதோடு நிற்கவில்லை. அரிக்கட்டுகளிலிருந்தும் சிலவற்றை வேண்டுமென்றே உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று தம் ஆட்களிடம் சொல்லிவைக்கிறார். மாலையில் தட்டி அளந்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை! கை நீட்டி வாங்கியதாக அவளுக்குத் தெரியவே தெரியாது. உரிமையைப் பறித்துவிட்டு அதன் இடத்தில் வைப்பதல்ல இரக்கம். உரிமையின் மேல் சத்தமில்லாமல் சேர்த்துப் போடுவது.

ஓவியர்களுக்குப் பிடித்தவர் புனித மார்ட்டின். இன்றைய பிரான்சின் ஆமியென் நகர வாசலில், கடுங்குளிரில், தன் மேலாடையை வாளால் இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைப் பிச்சைக்காரருக்குக் கொடுத்த நான்காம் நூற்றாண்டுப் படைவீரர். அழகான காட்சி, குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கிய அடகைப் பொழுது சாயுமுன் கொண்டுபோய்க் கொடுத்து, வாசலிலேயே நின்று திரும்பும் மனிதனை யார் வரையப்போகிறார்கள்?

‘தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்’ என்று இயேசுவே சொல்லிவிட்டாரே என்பார்கள். சொன்னார். ஆனால் மாற்கு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், மனமுள்ளபோதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்று அதே வசனம் தொடர்கிறது. அவர் பேச்சில் எதிரொலிக்கும் உபாகமம் 15:11ஐப் புரட்டினால், ஏழைகள் இல்லாமல் போவதில்லை, ஆகையால் கையைத் தாராளமாகத் திற என்று இருக்கிறது. பாதியில் நிறுத்தினால் எந்த வசனமும் தலையணையாகிவிடும்.

[திரையில்: மூடிய மரப்பெட்டி]

மார்ட்டின் வாழ்ந்த அதே நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவில் பஞ்சம். பசித்தவர்களுக்குச் சோறு போட முன்னின்றவர் பசிலியார். பின்னாளில் அவ்வூரின் ஆயர், நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லம் எழுப்பியவர். பெரிய களஞ்சியம் கட்ட நினைத்த பணக்காரனைப் பற்றி இயேசு சொன்ன உவமையை எடுத்துக்கொண்டு அவர் ஒரு பிரசங்கம் செய்தார். நீ வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது என்றார். பிறகு பெட்டிக்கு வந்தார். உள்ளே மடித்துப் பூட்டி வைத்திருக்கிறாயே ஒரு மேலாடை, அது உடுத்த இல்லாதவனுடையது.

‘அவனுக்குக் கொடு’ என்று அவர் தொடங்கவில்லை. ‘அவனுடையது’ என்றார்.