பீடி மாமாவும் வேப் மச்சானும்

வணக்கம் மக்களே. கீழக்கரைக் கடற்கரையில் நிற்கிறேன். கச்சான் காற்று மைக்கில் இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துபாயிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் நேற்று இங்கே உட்கார்ந்து வேப், அதாவது மின்சிகரெட், இழுத்தான். மாம்பழ வாசனை. பக்கத்தில் மாமா, கையில் பீடி. "மாமா, உங்களுடையது புகை, இது வெறும் ஆவி" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை, இரண்டும் நம் வாய்க் கிருமிகளை என்ன செய்கின்றன என்று இரவெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

மனித வாயில் 700 வகை பாக்டீரியா வரை கண்டிருக்கிறார்கள். பல நமக்குக் காவல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் என்று ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து, பல்லைச் சொத்தையாக்கும் மியூட்டன்ஸ் கிருமியை அடக்கி வைக்கிறது. நைசீரியா, ரோத்தியா போன்றவை நாம் தின்னும் கீரையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இரத்தக்குழாய் தளர அதுவும் உதவுகிறது. முருங்கைக்கீரையைத் தின்றால் மட்டும் போதாது, இவையும் உயிரோடு இருக்க வேண்டும்!

சரி, மாமா விஷயம். புகை வாயில் ஆக்சிஜனைக் குறைக்கிறது, காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அமெரிக்காவில் 1204 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். சிகரெட் பிடிப்பவர்கள் வாயில் 150க்கும் மேற்பட்ட வகைகள் பெருகி, 70 வகைகள் சரிந்திருந்தன. நைசீரியா கூட்டம் குறைந்தவற்றில் ஒன்று. இன்னொன்று, நிகோடின் இரத்தக்குழாயைச் சுருக்குவதால் ஈறு கெட்டாலும் இரத்தம் அவ்வளவாக வராது. மாமா "என் ஈறு கல்லு மாதிரி" என்பது அதனால்தான் என்று பயப்படுகிறேன்.

மச்சான் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆய்வகத்தில் சுவை சேர்க்காத ஆவி, சிகரெட் புகை அளவுக்கு நல்ல ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் கொல்லவில்லை. ஆனால் கொல்லாவிட்டால் போதுமா? வேப் திரவத்தில் இருப்பது கிளிசரினும் புரோபிலின் கிளைகாலும். 2020இல் ஒஹாயோவில் 123 பேரிடம் நடந்த ஆய்வில், வேப் இழுப்பவர்களின் ஈறுக்கடியில் கிருமிகள் பிசுபிசுப்பான படலத்துக்குள் ஒளிந்திருந்தன. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே கதை. அந்தத் திரவமே அவற்றுக்குத் தீனி. இன்னோர் ஆய்வகச் சோதனையில் சாங்குவினிஸ் பின்தங்க, மியூட்டன்ஸ் முன்னேறியது.

மண்டபம் பக்கம் வளர்க்கக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளத்தில் ஏறி மூடிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பவளத்தை வெட்டவில்லை, மூடிக்கொண்டதிலேயே செத்தது.

நம் நாட்டில் 2019லிருந்து வேப் விற்பனையும் இறக்குமதியும் தடை, வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டியில் வருவதால்தான் இவ்வளவும். ஆறுதலான செய்தி ஒன்று. அதே 1204 பேரில், சிகரெட்டை விட்டவர்களின் வாய் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. மாமாவுக்கு இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் பல் டாக்டரிடம் போகிறோம். மச்சான் சரி என்றுவிட்டான். மாமாவிடம் இனிமேல்தான் கேட்கணும்.