போர்டு இல்லாத பஸ்

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் மாற்றுத்திறனாளிகள் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் டாக்டர் மேரி வர்கீஸ் பெயர்தான் வரும். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் பெயரில் மறுவாழ்வு மையம் இருக்கிற பாகாயம் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஆனால் இன்று நான் நினைவுகூர வந்தது, தில்லியில் வாழ்ந்து ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் அபிதியை.

அதற்கு முன் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நடை போய்வருவோம். எனக்குப் பார்வை கிடையாது. நாற்பது வருடமாகத் தனியாகத்தான் பஸ் ஏறுகிறேன். எப்படி? "ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆற்காடு" என்று கண்டக்டர் கத்துகிறார், ஏறிவிடுகிறேன். அவர் எனக்காகக் கத்தவில்லை. அவருக்கு சீட் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தத்தில் நான் ஊர் போய்ச் சேருகிறேன்.

கைபேசிக்குள்ளும் அப்படி ஒரு குரல் உண்டு. ஸ்கிரீன் ரீடர் என்பார்கள். விரல் வைத்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதைப் படிக்கும். செயலியை எழுதியவர் அந்தப் பட்டனுக்குப் பெயர் வைத்திருந்தால் "பணம் அனுப்பு" என்று சொல்லும். வைக்காவிட்டால் "பட்டன்" என்று மட்டும் சொல்லும். அடுத்ததும் பட்டன். அதற்கடுத்ததும் பட்டன். ஸ்டாண்டில் வரிசையாக பஸ் நிற்கிறது, ஒன்றுக்கும் போர்டு இல்லை, ஒரு கண்டக்டரும் வாய் திறக்கவில்லை. எது குடியாத்தம், எது ஆம்பூர்?

சரி, அபிதிக்கு வருகிறேன். 1965இல் அலிகரில் பிறந்தவர். முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்து, பிறகு சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அமெரிக்காவில் இதழியல் படித்துவிட்டுத் திரும்பினார். ஊனமுற்றோருக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று 1995 டிசம்பர் 19 அன்று தில்லியில் பலரைத் திரட்டிப் போராடினார். மூன்றே நாளில், 22ஆம் தேதி, நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. மூன்றே நாள்! விமானத்தில் ஏற வசதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனவரும் இவர்தான். 2016இல் வந்த புதிய சட்டத்துக்கும் முன்நின்று உழைத்தார். பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, புதியதில் இருபத்தொன்று. கட்டடத்துக்குச் சாய்தளம் கேட்பதுபோல இணையத்துக்கும் அணுகல் வசதி கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. இதெல்லாம் பெரிய மனது வைத்துச் செய்யும் உதவி இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஏன் என்று கேளுங்கள். போன வருடம் ஒரு வங்கிச் செயலி என் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றது. கைபேசியை நீட்டிப் பிடித்து உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "கண்ணைச் சிமிட்டச் சொல்லுதுங்க. நீங்க காலண்டரைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள். சரியென்று கைபேசியைத் திருப்பிச் சிமிட்டினேன். என் இமை பாதிதான் மூடும். "மீண்டும் முயலவும்" என்று வந்ததாம். அதையும் அவள்தான் படித்தாள். பதினோரு தடவை சிமிட்டியிருப்பேன். பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துவிட்டு, "தாத்தா யாருக்குக் கண்ணடிக்கிறாரு?" என்று கேட்டான்.

என் முழங்கையைத் தொட்டுவிட்டார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். நீதிமன்றத் தீர்ப்புகளை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கண் சிமிட்டும் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பு வந்தது. சிமிட்ட முடியாதவர்களுக்கு மாற்று வழி தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அபிதி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 2018 மார்ச்சிலேயே போய்விட்டார், 52 வயதில்.

அந்த வங்கிச் செயலியின் முதல் பக்கத்தில் ஆறு பட்டன். இப்போது நான்குக்குப் பெயர் வந்திருக்கிறது. மீதி இரண்டை இன்னும் பயந்துகொண்டேதான் தொடுகிறேன். வணக்கம்.