27 ஓட்டங்களுக்குப் பிறகு

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். மலேசிய மகளிர் கிரிக்கெட் அணியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் நினைவிருக்கும் தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 ஜூன் 3, கோலாலம்பூர். மகளிர் ஆசியக் கிண்ணப் போட்டியில் நம் பெண்கள் இந்தியாவை எதிர்த்து ஆடினார்கள். அனைத்துலக டி20 (20 ஓவர் ஆட்டம்) தகுதியோடு அவர்கள் ஆடிய முதல் ஆட்டம் அது. மித்தாலி ராஜ் ஆட்டமிழக்காமல் 97 எடுக்க, இந்தியா 169 ஓட்டம் குவித்தது. நாம் 27-க்கு எல்லா விக்கெட்டையும் இழந்தோம்.

அன்று அணித்தலைவியாக நின்றவர் வினிஃப்ரெட் துரைசிங்கம். நான்கு ஆண்டு கழித்து, 2022-இல், இதே கோலாலம்பூரில் நடந்த ஆசியத் தகுதிச் சுற்றில் அவருடைய அணி இறுதியாட்டம் வரை போனது. 2024-இல் மறுபடியும் இறுதியாட்டம். இரண்டு முறையும் ஐக்கிய அரபு சிற்றரசிடம் தோற்றார்கள். ஆனாலும் இரண்டு முறையும் ஆசியக் கிண்ணத்தில் ஆடும் வாய்ப்பு கிடைத்தது. 27 ஓட்டத்தை நினைவில் வைத்திருக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்படியானால் பெரிய அணிகளிடம் ஏன் இன்னும் சுருண்டு விழுகிறோம்? 2024 ஆசியக் கிண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். தம்புள்ளையில் தாய்லாந்தோடு ஆடியபோது 22 ஓட்டத்தில்தான் தோற்றோம். வான் ஜூலியா 52 எடுத்தார். அடுத்த ஆட்டம் இலங்கையோடு. சமரி அத்தபத்து 119 அடித்தார், நாம் 40-க்குச் சுருண்டோம். இடையில் ஒரே ஒரு நாள். அதற்குள் திறமை காணாமல் போயிருக்குமா?

கிள்ளான் வட்டாரத்தில் வார இறுதிகளில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். பந்துவீச்சைத் தனியாகவே வளர்த்துக்கொள்ளலாம். ஒரு ஸ்டம்ப், ஒரு பந்து, பொறுமை, இவ்வளவு போதும். மட்டையடி அப்படி இல்லை. எதிரில் நன்றாகப் பந்து போட ஒருத்தி வேண்டும். வேகமாக வரும் பந்தை ஆயிரம் முறை எதிர்கொண்டால்தான் கண்ணும் காலும் பழகும். உள்ளூரில் ஆட்டங்கள் குறைவு, நல்ல பந்துவீச்சாளர்களும் ஒரு சிலர்தான். அதனால் நம் பெண்கள் உண்மையான வேகத்தைப் பார்ப்பதே பெரிய போட்டிக்குப் போன பிறகுதான்.

2025 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கிண்ணம் மலேசியாவில் நடந்ததே, அதிலும் இதைத்தான் பார்த்தேன். பண்டமாரான் பாயுமாஸ் திடலில் இந்தியாவிடம் 31-க்குச் சுருண்டோம். வைஷ்ணவி சர்மா ஹாட்ரிக்கோடு, அதாவது அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் உட்பட, 5 விக்கெட் எடுத்தார். அது செய்தியானது. ஆனால் அதே பிள்ளைகள் மேற்கிந்தியத் தீவுகளை 20 ஓவரில் 112-க்குக் கட்டிப்போட்டார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அது பெரிய விஷயம். பந்துவீச்சும் ஃபீல்டிங்கும் தேறிவிட்டன. ஆனால் அந்த ஆட்டத்திலும் நாம் எடுத்தது 59தான். மட்டை இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது.

தாய்லாந்தைப் பாருங்கள். நாம் 27 எடுத்த அதே 2018 போட்டியில் அவர்கள் இலங்கையை வீழ்த்தினார்கள். 2020-இல் டி20 உலகக் கிண்ணத்திலேயே ஆடினார்கள். நம்மைவிடக் கிரிக்கெட் பாரம்பரியம் குறைந்த நாடு அது. சாஃப்ட்பால் ஆடிய பெண்களைக் கூட்டி வந்து, ஒரே குழுவாக வைத்து, ஓயாமல் ஆட்டம் கொடுத்தார்கள்.

நம்மிடம் ஆள் இல்லையா? இங்கேதான் தமிழ்க் குடும்பங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தியா ஆடினால் நம் வீட்டில் தாத்தாவிலிருந்து பேரன் வரை தொலைக்காட்சி முன்னால்தான். தேசிய மகளிர் அணியின் பட்டியலைப் பாருங்கள்: மாஸ் எலிசா, மாஹிரா இசாத்தி, ஐன்னா ஹமிசா, வான் ஜூலியா. பெரும்பாலும் மலாய்ப் பெண்கள். வீட்டில் கிரிக்கெட் பேச்சே இல்லாத குடும்பங்களிலிருந்து கூட வந்து ஆடுகிறார்கள். அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். நம் பிள்ளைகள் எங்கே?

பெற்றோர் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். வெயிலில் கறுத்துப் போவாள். டியூஷன் கெடும். எஸ்.பி.எம். தேர்வு வருகிறது. தூரமாக இருக்கிறது, யார் கூட்டிக்கொண்டு போவது? கடைசிக் காரணம் உண்மையான சிரமம், ஒத்துக்கொள்கிறேன். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு காரில் முறை வைத்து அனுப்பலாம். மற்றவை அண்ணனுக்கும் பொருந்தும், ஆனால் அவனை யாரும் தடுப்பதில்லையே.

மகள் படிவம் ஒன்றில் சேரும் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள். எஸ்.பி.எம். நெருக்கடி வருவதற்குள் மூன்று நான்கு ஆண்டு கையில் இருக்கும். பள்ளியில் அணி இல்லையென்றால் புறப்பாட ஆசிரியரைப் பாருங்கள், மாநிலக் கிரிக்கெட் சங்கத்திடம் கேளுங்கள். முதல் நாளே மட்டை, கால்காப்பு, ஹெல்மெட் எல்லாம் வாங்க வேண்டாம். நல்ல காலணி, தொப்பி, தண்ணீர்ப் புட்டி போதும். மென்பந்தில் பழகி, பயம் விட்ட பிறகு கெட்டிப் பந்துக்கு வரட்டும். அப்புறம், அவள் ஆடும்போது நீங்களும் திடலுக்குப் போய் உட்காருங்கள்.

நன்றி, வணக்கம்.