கோடியக்கரையில் வெளிமான் பார்க்க

நேயர்களுக்கு வணக்கம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. 1967இல் சரணாலயமானது, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. வெளிமான் ஆண்டு முழுவதும் இங்கே உண்டு. பூநாரைகளையும், உள்ளான் என்னும் கரையோரப் பறவைகளையும் பார்க்க வேண்டுமானால் நவம்பர் முதல் ஜனவரி வரை வாருங்கள்.

வனத்துறையிடம் அனுமதி பெற்று, விடிந்ததும் புல்வெளிக்குப் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் தரை சூடாகி, கானல் எழும்பி ஆடும். எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் உருவம் நெளியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரே போதும். அதைவிடக் கூடினால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகத் தெரியும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

வெளிமானை நோக்கி நேராக நடப்பதால்தான் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். திறந்த வெளியில் வாழும் அந்த விலங்குக்குக் கண்தான் காவல். மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் ஒன்று தலை தூக்கினால் அப்படியே நின்றுவிடுங்கள். எல்லாம் தூக்கினால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், மெல்லப் பின்வாங்குங்கள். ஓரிடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் அவை தாமாகவே மேய்ச்சலுக்குத் திரும்பும்.

முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் முதிர்ந்த கிடாவுக்கு. அது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு, கண்ணுக்கு முன்னுள்ள சுரப்பியைப் புல்நுனியில் தேய்த்து, தன் எல்லையைக் குறிக்கும். அந்தப் புழுக்கைக் குவியலைக் கண்டால், சற்றுத் தள்ளிக் காத்திருங்கள்.

புல்லுக்குள் குட்டி தனியே படுத்திருந்தால் தொடவே கூடாது. தாய் அதைக் கைவிடவில்லை. பிறந்த சில நாட்களுக்குக் குட்டியை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போவதும், பால் கொடுக்கத் திரும்புவதும் அதன் வழக்கம். இதை அறியாமல் தூக்கி வருவது மிகப் பெரிய கொடுமை.

மட்டக்குதிரைகளும் கண்ணில் படும். அவை காட்டு இனமல்ல. வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டில் திரிபவை. மானுக்கான புல்லை அவையும் மேய்கின்றன. புல்வெளியைச் சீமைக்கருவேல் வேறு நெருக்குகிறது. காய்களைத் தின்னும் விலங்குகளின் சாணத்தோடு அதன் விதை பரவுவதால், வெட்டினால் மட்டும் தீராது. முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும்.

சதுப்பில் இறங்காதீர்கள். மேலே உப்புப் படிந்து காய்ந்த தரைபோலத் தெரியும், கீழே சேறு இழுக்கும். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் நீரைச் சலித்து இரை தேடுபவை. படமெடுப்பதற்காக அவற்றைக் கிளப்பிவிட்டால், தின்னும் நேரமும் உடல் வலுவும் வீணாகும். பாதையிலிருந்தே பாருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள், குரங்குகள் பறித்துவிடும்.