நாளைக்கு லீவு எடுத்துக்கலாமா?

நண்பர்களே, ‘ஊழியர் அல்ல, தனியாகத் தொழில் செய்யும் கான்ட்ராக்டர்’ என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுப் போன வாரக் காலண்டரைத் திறந்து பாருங்கள். தினமும் காலை 9.30க்கு ஸ்டாண்ட்-அப் என்ற குழுவின் சிறு கூட்டம். சாட்டில் ‘நாளைக்கு லீவு எடுத்துக்கலாமா?’ என்று நீங்கள். ‘சரி, எடுத்துக்கோங்க’ என்று மேனேஜர். கான்ட்ராக்டர் லீவு கேட்கமாட்டார்; இன்ன தேதிக்குள் வேலை முடியும் என்று சொல்வார். அனுமதி கேட்கும் அந்த ஒரு வரி உங்களை ஊழியர் என்று காட்டுகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும். அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட், ‘சுயேச்சையாகத் தொழில் செய்பவர்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு, நிரந்தர ஊழியர்களோடு ஒரே குழுவில் ஆண்டுக்கணக்கில் பலரிடம் வேலை வாங்கியது. 1992இல் வழக்கு வந்தது. அந்தக் காகிதம் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 2000இல் 9.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இன்று பல கம்பெனிகள் நடுவில் ஆள் தரும் ஏஜென்சியை நிறுத்துவதும், கான்ட்ராக்டருக்கு வேறு நிற பேட்ஜ் கொடுப்பதும், குழு விருந்துக்கு அழைக்காமல் விடுவதும் இந்தப் பயத்தால்தான். வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டியவரை விருந்திலிருந்து ஒதுக்குவது நியாயமே இல்லை.

கலிஃபோர்னியாவில் 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒருவரைக் கான்ட்ராக்டர் என்று ஏற்க மூன்று கேள்விகள் கேட்கிறது. வேலையை எப்படிச் செய்வது என்பதில் கம்பெனியின் கட்டுப்பாடு இல்லையா? செய்யும் வேலை கம்பெனியின் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்கிறதா? அவருக்கென்று தனித் தொழில் நடக்கிறதா? விதிவிலக்குகள் உண்டு, மற்றபடி மூன்றையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்; இல்லையென்றால் அவர் ஊழியர்தான். மென்பொருள் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுபவர் விஷயத்தில் கம்பெனி இரண்டாவது கேள்வியிலேயே மாட்டும்.

வீட்டில் உட்கார்ந்து செய்வதால் யாரும் சுயேச்சை ஆகிவிடுவதில்லை. கம்பெனி லேப்டாப், அதில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் மென்பொருள், கட்டாய வேலை நேரம் எல்லாமே கட்டுப்பாட்டுக்குச் சாட்சி. தேதி, உத்தரவிட்டவர், வேலை செய்த மணி இவற்றைச் சொந்த நோட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். கம்பெனிக் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ரகசியத்தை மீறினார் என்று உங்கள் மேலேயே வழக்குத் திரும்பும்.

ஒப்பந்தத்தில் பதிப்புரிமை விதியையும் படியுங்கள். ஊழியர் எழுதும் மென்பொருள் நிரல் பல நாடுகளில் தானாகவே முதலாளிக்குச் சேரும். கான்ட்ராக்டர் எழுதியது, பெரும்பாலும் எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் சேரும். அந்த இடத்தில் ‘முழுத்தொகை வந்து சேர்ந்த நாளிலிருந்து’ என்ற நான்கு சொற்களைக் கேட்டு வாங்குங்கள். பில் 60 நாள், 90 நாள் என்று இழுக்கும்போது உங்கள் கையில் இருக்கும் பிடி அதுதான்.