கர்ப்பத்தில் பிபி: வீட்டில் சரியாகப் பார்ப்பது எப்படி?

வணக்கம், எல்லோரும் நலமா? கர்ப்ப காலத்து ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கும் ஏழாம் மாதத்தில் ஏறியது. நான் மருத்துவர் இல்லை. மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் நம் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

பிபி ஏறினால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். 150 காட்டிய நாளிலும் நான் வழக்கம்போல் சாப்பிட்டேன், தூங்கினேன். அதனால் ‘எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே’ என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லேபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா எல்லாம் கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுத்து வரும் மருந்துகள். ஆனால் ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. முன்பிருந்தே பிபிக்கு மாத்திரை போடுபவர் என்றால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். என் கையைப் பாருங்கள். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டக் கூடாது, தோலின் மேல்தான். கை மேசையில், நெஞ்சு உயரத்துக்கு இருக்கட்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில். கால் மேல் கால் போட்டிருந்தால் எண் கூடிவிடும். பட்டை இறுக்கமாக, சிறியதாக இருந்தாலும் அப்படித்தான், அதனால் உங்கள் கைக்குப் பொருந்துகிற அளவு வாங்குங்கள். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். மெஷின் ஓடும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து, இரண்டு எண்ணையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் என் மருத்துவர் மாத்திரை அளவை மாற்றினார்.

மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்று தொட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். 160 அல்லது 110 வந்தால் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். குறையவில்லையா, உடனே கிளம்புங்கள். காலை வரை பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எண் எப்படி இருந்தாலும் போயே ஆக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. விடாத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பதுபோல் தெரிவது, வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சு வாங்குவது, முகமும் கையும் திடீரென வீங்குவது. குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. இவை ப்ரீஎக்லாம்ப்சியாவாக, அதாவது கர்ப்பத்தில் பிபி ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோயாக இருக்கலாம். வழக்கமாக இருபது வாரத்துக்குப் பிறகு வருவது அது. கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று எதையும் பாதிக்கலாம், கவனிக்காவிட்டால் வலிப்பு வரை போகும். முதல் கர்ப்பத்தில் இது வந்தவர்கள் அடுத்த முறை தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று பார்ப்பார்கள், அதைப் பன்னிரண்டு வாரத்துக்கு மேல், முடிந்தால் பதினாறுக்குள் தொடங்குவார்கள்.

உப்பை அடியோடு நிறுத்து, படுத்தே கிட என்று அக்கறையோடுதான் சொல்வார்கள். அதனால் ப்ரீஎக்லாம்ப்சியா வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையவும் வாய்ப்பு உண்டு.

அப்புறம், இதை எல்லா வீட்டிலும் மறந்துவிடுகிறோம். குழந்தை பிறந்ததும் மெஷினைத் தூக்கி உள்ளே வைத்துவிடாதீர்கள். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிபி பெரும்பாலும் உச்சத்துக்குப் போகும். அந்த நேரம் எல்லோர் கண்ணும் குழந்தை மேல்தான் இருக்கும், அம்மாவின் தலைவலியைத் தூக்கமின்மை என்று விட்டுவிடுவார்கள். ஆறு வாரம் வரைக்கும் கவனம் வேண்டும். அவசரத்துக்கு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பிரசவமாகி இத்தனை நாள் ஆகிறது, பிபி இருந்தது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கூட வருபவருக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.